அப்பா வந்து சாப்பிட்ட இலை

அன்பு மகள் மதிவதனிக்கு, வல்லம் வடகாலிலிருந்து அம்மா எழுதிக்கொண்டது. நான் நலம்னு எழுதணும், எழுதிட்டேன். நீ நலந்தான்னு ஒங்கூட ஆஸ்டல்ல இருக்கற தாயாரம்மா மவ சொல்லிட்டா, பாவாடை நாடா முடிச்சுப் போடவே எட்டலியாமே.

லீவுக்கு வந்தவ ஒன் கதையெல்லாம் சொன்னா. மெஸ்ஸுல நாலு பேரு பாக்க ஒரு இட்லியப் பிச்சு வெச்சுகினு போதும்ங்கறியாம், அப்புறம் கட்டில்ல சுவரப் பாத்து உக்காந்து ஒரு பாக்கெட் பன்னு, அது மேல மிச்சரு, அழுதுகினே துன்றியாம். இன்னாடின்னா அப்பா ஞாபகம்ங்கறியாம். அங்க பாதிப் பேரு அப்படித்தானாம், பரிட்சை வந்தா ஒருத்தி துன்னுகினே இருப்பாளாம், வூட்டுக் கடுதாசி வந்தா ஒருத்தி பட்டினி கெடப்பாளாம். படிச்ச பொண்ணுங்க. புருசன் செத்தவ நான், களை எடுத்துட்டு வந்து கஞ்சி குடிச்சிட்டுப் படுக்கறேன். எல்லாம் உங்கப்பா பண்ண வேல. நீ உழுந்தா வாயில வெல்லம், அழுதா பொரியுருண்டை, காலேஜுக்குப் போன பிறகும் சுங்குவார்சத்திரத்துல பஸ்சு ஏத்திப் பார்சல் அனுப்புனாரு. அந்த மனுசன் நெல்லு மூட்டை தூக்கறப்ப நெஞ்சப் புடிச்சிகினு போய்ட்டாரு, நீ முறுக்கு அனுப்பும்மான்னு எனக்கு எழுதற. அனுப்ப மாட்டேன்.

சொல்லாம இருக்கலாம்னு பாத்தேன், ஆவல. கருமாதிக்கு அவருக்குப் புடிச்சதெல்லாம் இலையில படைச்சு, வந்து சாப்புடட்டும்னு ரூம்புக் கதவ சாத்திட்டு எல்லாரும் வாசல்ல நின்னோமே. தொறந்தா வடையக் காணோம், அதிரசத்தக் காணோம், சோறு அள்ளுன தடம். மச்சான் வந்துட்டாருன்னு கண்ணப்ப மாமா தடால்னு உழுந்து கும்புட்டாரு, ஊரே கன்னத்துல போட்டுகினுது. நானும் நம்பிட்டேன்டி. ஒரு வார்த்த சொல்லாம போனவரு, எங்கையால ஆக்குனத சாப்ட்டுட்டுப் போயிருக்காருன்னு வயிறு குளுந்து போச்சு. அப்புறந்தான் பாத்தேன், இலையோரம் வெச்ச பீடிக்கட்டு பிரிக்காம கெடந்துது. அவரு வந்திருந்தா அத வுடுவாரா. அந்த ரூம்புக்குப் பின்னால தோட்டத்துக் கதவு தாப்பாள் எடுத்திருந்துது, நீ கெணத்தாண்ட தாவணியால வாயத் தொடச்சுகினு நின்ன. செத்தவருக்கு வெச்ச சோறு, அவரு தொடறதுக்கு முன்ன. ஒனக்கு அழுக வந்துது, துன்னுட்ட, அவரு பட்டினியா திரும்பிப் போனாரு. இதுவரைக்கும் யாருகிட்டயும் சொல்லல. மாமா இன்னிக்கும் பாக்கறவங்ககிட்டெல்லாம் அந்த இலையச் சொல்லித்தான் அழுவுறாரு.

வர்ற அமாவாசைக்கு மறுபடி படைக்கறேன். நீ வரணும், இருக்கறது ஒரே பொண்ணு. வர்ற வழியிலயே வயிறு ரொம்பத் துன்னுட்டு வா, மறக்காத. தோட்டத்துக் கதவுக்கு ஆணி அடிச்சாச்சு. இந்த வாட்டி நீ என் கையப் புடிச்சுகினு வாசல்ல நிக்கற. கதவத் தொறக்கறப்ப இலை வெச்சது வெச்சபடி இருந்தா, போன வாட்டி துன்னது யாருன்னு மாமாகிட்ட நீயே வாயத் தொறந்து சொல்லு.

தலைவலி காய்ச்சல் இல்லாம நல்லா இரு, உங்கப்பா ஆயுசும் சேத்து நீ இரு.

இப்படிக்கு,
ஒன் அம்மா
கங்கம்மாள்