மூடாத வால்வு

சனிக்கிழமை, இரவு. கருவடிக்குப்பம் தென்னந்தோப்பு.

கேரவன் வண்டியில் இது எங்கள் முதல் நாள். அதுவே இப்படி ஆகிவிட்டது.

குடிதண்ணீர்த் தொட்டியை நிரப்ப, தோப்புக்காரம்மா மோட்டாரைப் போட்டுவிட்டுப் போனார். ஹோஸைச் செருகும் முன்பே என் கணவரிடம் கேட்டேன்: "ஏங்க, கீழ வால்வ மூடிட்டீங்களா?"

"அதெல்லாம் மூடியாச்சு, நீ போடு." போனிலிருந்து தலையைத் தூக்கவில்லை.

வெகுநேரமாகியும் தொட்டி நிறையவில்லை. குனிந்து பார்த்தால் வண்டிக்கு அடியில் குளம். வால்வு திறந்தே கிடந்தது. பின்சக்கரம் சேற்றில் இறங்கியிருந்தது.

தோப்புக்காரம்மா ஓடி வந்தார். "என்னா இது! மரத்துக்கே தண்ணி பத்தாம அல்லாடுறேன், நீங்க மண்ணுல வுட்டுக்கினு நிக்கிறீங்க?"

"இவதாம்மா மூட மறந்துட்டா" என்றார் என் கணவர், கொஞ்சம்கூடத் தயங்காமல்.

அந்த அம்மா என்னை முறைத்தார். ஏன் சும்மா நின்றேன் என்றுதான் இன்னும் எரிகிறது.

டிராக்டர் வந்து வண்டியை இழுத்தது. தோப்புக்காரம்மா முணுமுணுத்துக்கொண்டே மறுபடி மோட்டாரைப் போட்டார். வால்வை நானே மூடி, நானே நிரப்பினேன்.

"கோவமா?" என்று படுக்கும்போது கேட்டார்.

"தூக்கம் வருது" என்றேன். அவர் உடனே தூங்கிவிட்டார். குறட்டை வேறு.

எங்கள் நெல்லித்தோப்பு வீட்டை ஒரு வருஷத்துக்கு வாடகைக்கு விட்டாயிற்று. நாளைக்கு அங்கே குடிவருபவர்கள் பால் காய்ச்சுகிறார்கள். இங்கே கோபம் வந்தால் போய்க் கதவைச் சாத்திக்கொள்ள இன்னோர் அறைகூட இல்லை.