நடுவில் கட்டை வைத்த கிடார்

1963 அக்டோபர் 22, பேகம்பூர்

நேற்று நவராத்திரிக் கச்சேரியில் என் கிடார் மறுபடியும் ஊளையிட்டது. எங்கள் பாடகி பொன்னழகு மெதுவாக எடுத்த இடத்தில் மைக் செட் கண்ணுசாமி சத்தத்தைக் கூட்டினார். ஒலிபெருக்கிச் சத்தம் கிடாரின் வெற்று வயிற்றுக்குள் புகுந்து திரும்பிப் போய், தெருநாய்களுக்குப் போட்டியாக ஓர் ஊளை. முன்னால் உட்கார்ந்திருந்த பெண்கள் காதைப் பொத்திக்கொண்டார்கள். பொன்னழகு பாட்டை விடாமல் முடித்துவிட்டு வந்து, "என் தொண்டையாலதான் இம்புட்டும், பாய்" என்றாள்.

"தொண்டையில ஒண்ணுமில்ல, எல்லாம் இந்தக் கிடாரு பண்ற வேலை" என்று கத்தினேன். ஆறுதல் சொல்வதைக்கூடக் கத்தித்தான் சொல்கிறேன். என் வாய் அப்படி.

1963 அக்டோபர் 30

இந்தக் குழுவில் நாங்கள் சேர்ந்தபோது ஐந்தரைக் கட்டையில் பாடியவள் பொன்னழகு. இப்போது ஆர்மோனியத்தில் நாலு கட்டை சுருதி கொடுத்தால்தான் எடுக்கிறாள். வரி நடுவில் அவள் மூச்சு வாங்குகிற இடத்தில் நான் வாசிப்பைத் தணித்துக்கொள்கிறேன். அதனால் என்ன? நாலு கட்டையில் அந்தக் குரலுக்கு ஒரு கனிவு வந்திருக்கிறது, முன்பு அது கிடையாது. ஆனால் கேட்கிறவனுக்கு அதெல்லாம் எங்கே தெரிகிறது. 'கட்டை இறங்கிப்போச்சு' என்று ஒருவன் சொல்லிவிட்டால் போதும், பாடகியின் கதை முடிந்தது. அவள் காதுபட அந்தச் சொல்லைக் குழுவில் யாரும் எடுப்பதில்லை.

குரல் இறங்க இறங்க மைக்கைக் கூட்ட வேண்டியிருக்கிறது. மைக்கைக் கூட்டினால் என் கிடார் ஊளையிடுகிறது. ஆக, மாற வேண்டியது அவளா, கிடாரா? கிடார்தான்.

1963 நவம்பர் 20, சென்னை

தோல் கிடங்கு வேலையாகப் பட்டணம் வந்த இடத்தில் இரண்டு காரியம் பார்த்தேன்.

முதலாவது, ஸ்டூடியோ. போன வருஷம் என்னை வாசிக்கச் சொல்லிக் கேட்ட உதவி இசையமைப்பாளரைப் பார்த்தேன். மனிதர் மறக்கவில்லை. "சித்திரையில வாங்க. உங்க பாடகியையும் கூட்டிட்டு வாங்க, குரல் எடுத்துப் பார்ப்போம். ஆனா அந்தக் கிடார் வேண்டாம் சார், மைக்குக்குப் பக்கத்துல வச்சா குடம் மாதிரி முழங்குது" என்றார்.

இரண்டாவது, கிடார். மவுண்ட் ரோடு கடையில் முழுக்க மரத்தாலான ஒன்றை எடுத்துக் காட்டினார்கள். வயிறே கிடையாது, பலகைதான். எவ்வளவு கூட்டினாலும் ஊளையில்லை. ஆனால் சத்தம் தகரத்தில் கல் விழுந்த மாதிரி. மேடையில் தப்பிக்கலாம், ஸ்டூடியோவில் விரட்டிவிடுவார்கள். வயிறு பெரிதான இன்னொன்று ஸ்டூடியோவுக்கு மெத்தென்று இருந்தது. மேடைக்குப் போனால் என் கிடாரின் அண்ணன்தான் அது.

மனசு விட்டுப்போய் நின்றேன். அப்போது கிடார் தந்தி வாங்க வந்த ஓட்டல் பாண்டுக்காரர் ஒருவர், ஆங்கிலோ-இந்தியர், தன்னுடையதைத் தொட்டுப் பார்க்கக் கொடுத்தார். மெல்லிய வயிறு, இரண்டு பக்கமும் பொள்ளல், நடுவில் மட்டும் மேலிருந்து கீழ்வரை ஒரு மரக்கட்டை. அந்தக் கட்டைதான் ஊளையை அடக்குகிறதாம். தொனி மாற்றும் விசையை முன்னால் வைத்தால் குரலுக்கு அடியில் பாய் விரித்த மாதிரி படுத்துக்கொள்கிறது. பின்னால் தள்ளினால் கூட்டத்தின் கடைசி ஆள்வரை போய்க் குத்துகிறது. நாலு கட்டையில் மெதுவாக வாசித்து, ஒலிபெருக்கியை முழுக்கத் திறந்தேன். ஊளை இல்லை. எனக்குக் கண் கலங்கிவிட்டது, வெட்கம்.

இதுதான். மேடைக்கும் ஸ்டூடியோவுக்கும் ஒன்றே போதும். அவளுக்கும் எனக்கும்.

1963 நவம்பர் 24

சிங்கப்பூரில் இருக்கும் என் மச்சினன் நைனா முகமதுவுக்கு, ஊர் வரும்போது அதே மாதிரி ஒன்று கொண்டுவரச் சொல்லி அனுப்பியாயிற்று. பொன்னழகிடம் மூச்சு விடவில்லை. கிடார் கைக்கு வந்த பிறகு ஸ்டூடியோ சேதியையும் சேர்த்துச் சொல்லலாம். வராமல் போனால் அந்த ஏமாற்றம் என்னோடு போகட்டும்.

1964 ஜனவரி 12

ஒட்டன்சத்திரம் பக்கம் அம்மன் கோயில் கச்சேரி. பழைய கிடார் மானத்தை வாங்கிவிட்டது. இடைவேளையில் மேடைக்குப் பின்னால் கண்ணுசாமியிடம் கொட்டித் தீர்த்தேன். "அதுக்குக் கட்டை இல்ல, அதான் கோளாறு. சத்தத்தைக் கூட்டுனா ஊளையிடுது. ஸ்டேஜுக்கும் ஆகல, ஸ்டூடியோவுக்கும் ஆகல. எம்புட்டு நாளைக்கு இதைக் கட்டி மாரடிக்கிறது? தை பொறக்கட்டும், கட்டை உள்ளதா ஒண்ணைக் கொண்டாந்துட்டு இதைக் கழிச்சுவிட்டுற வேண்டியதுதான்."

கண்ணுசாமி சிரித்தார். படுதாவுக்கு அந்தப் பக்கம் பொன்னழகு வெந்நீர் குடித்துக்கொண்டிருந்தாள் போல. வெளியே வந்து, "நல்லதாப் பாத்து எடுங்க, பாய்" என்றாள். இவளுக்குக் கிடார் விஷயம் தெரிந்துவிட்டதே என்று அசடு வழிந்தேன்.

இரண்டாம் பாதியில் அபாரமாகப் பாடினாள்.

1964 ஜனவரி 16

இன்று முதல் நோன்பு. பெருநாள் வரைக்கும் கிடாரைத் தொடுவதில்லை. குழுவில் எல்லோருக்கும் தெரிந்த வழக்கம்தான்.

1964 ஜனவரி 25

பழனிக்குப் பாதயாத்திரைக் கூட்டம் போய்க்கொண்டே இருக்கிறது. பொன்னழகும் போயிருக்கிறாள் என்று கண்ணுசாமி சொன்னார். தொண்டைக்காக வேண்டிக்கொள்ளப் போயிருப்பாள். நல்லது.

1964 பிப்ரவரி 15

நோன்புப் பெருநாள். வருஷாவருஷம் மத்தியானச் சாப்பாட்டுக்கு வருகிறவள், வரவில்லை. என் மனைவி நர்கீஸ் நெய்ச்சோறும் தாளிச்சாவும் எடுத்துக்கொண்டு நாகல் நகருக்கு அவள் வீட்டுக்கே போனாள். திரும்பி வந்தவள் பாத்திரத்தைக்கூடக் கீழே வைக்காமல் என்னைப் பார்த்தாள்.

"அவங்க மொட்டை போட்டுருக்காங்க. இனிமே மேடையேறிப் பாடுறதில்லைன்னு பழனியில வாக்குக் குடுத்துட்டாங்களாம். நீங்க என்ன சொன்னீங்க அவங்கள?"

"நானா? ஒண்ணும் சொல்லலையே."

"கட்டை இல்லாதது, ஊளையிடுது, கழிச்சுவிடப் போறேன்னு கண்ணுசாமிகிட்ட சொன்னீங்களாம்ல. காதால கேட்டாங்களாம். வேற பாட்டுக்காரி கூட்டிட்டு வரப் போறீங்கன்னு நெனச்சுட்டாங்க."

எனக்கு உட்காரக்கூடத் தோன்றவில்லை.

1964 பிப்ரவரி 16

அல்லாவே, கிடாரைத்தானே சொன்னேன்? மரக்கட்டையைத்தானே சொன்னேன்? பாடுகிறவள் காதில் கட்டை என்றால் சுருதிதானே விழும்? 'அது' என்றேன், 'இது' என்றேன். வீட்டுப் பெண்பிள்ளையையே 'அது எங்க போச்சு' என்று கேட்கிற வாய்தானே இது? அவள் எப்படிப் பிரித்துத் தெரிந்துகொள்வாள்?

நல்லதாப் பாத்து எடுங்க என்றாளே — அப்போதுகூட எனக்கு ஒன்றும் ஓடவில்லையே. நான் ஒரு மடையன்.

1964 பிப்ரவரி 23

நைனா முகமது வந்துவிட்டான். கிடாரும் வந்துவிட்டது. நான் கேட்டது அப்படியே. திறந்து பார்க்க ஆசையே இல்லை.

1964 பிப்ரவரி 25

கிடாரைத் தூக்கிக்கொண்டு நர்கீஸோடு நாகல் நகருக்குப் போனேன். பொன்னழகு தலையில் முந்தானையைப் போட்டுக்கொண்டு பூக் கட்டிக்கொண்டிருந்தாள். அவள் அண்ணன் பூ மார்க்கெட்டில் கடை போட்டிருக்கிறாராம். பெட்டியைத் திறந்து கிடாரை அவள் முன்னால் வைத்தேன். உள்ளே கட்டை எங்கிருந்து எதுவரை ஓடுகிறது என்று விரலால் கோடு போட்டுக் காட்டினேன். சித்திரையில் ஸ்டூடியோவுக்கு அவளையும் கூப்பிட்டிருப்பதைச் சொன்னேன். முதல் தடவையாக, கத்தாமல் சொன்னேன்.

நான் கோடு போட்ட இடத்தைத் தானும் தடவிப் பார்த்தாள். பிறகு, "அப்ப இதத்தான் சொன்னீகளா?" என்றாள்.

"என்னைய ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமேம்மா."

"கேக்கணும்னுதான் நெனச்சேன், பாய். கேட்டு, ஆமான்னு நீங்க சொல்லிப்புட்டா? அதுக்குப் பயந்துக்கிட்டுத்தான் கேக்கல."

"இப்பத்தான் தெரிஞ்சுபோச்சே. சித்திரைக்குப் போவோம். ஸ்டூடியோ மேடையில்லையே."

"மேடைன்னு சொல்லித்தான் வாக்குக் குடுத்தேன். ஆனா மனசுல நெனச்சது பாட்டைத்தான். மலைமேல இருக்கிற அவனுக்குத் தெரியும்ல."

நர்கீஸ் அழுதுவிட்டாள். பொன்னழகு அழவில்லை. கிடாரை வாசித்துக் காட்டச் சொன்னாள். நாலு கட்டையில் அவள் எப்போதும் முதலில் எடுக்கும் பாட்டை வாசித்தேன். பூவைக் கட்டிக்கொண்டே கேட்டாள். முடிந்ததும், "நல்ல சாமான் பாய், மெதுவா இருக்கு" என்றாள். கிளம்பும்போது நர்கீஸின் தலையில் ஒரு முழம் மல்லிகையை வைத்துவிட்டாள்.

அவள் ஒரு சொல் திட்டியிருந்தாலும் எனக்கு இவ்வளவு கஷ்டமாக இருந்திருக்காது.

1964 மார்ச் 29

பங்குனி உத்திரக் கச்சேரி. புதுப் பாடகி, ஐந்தரைக் கட்டை. கிடார் ஊளையிடவில்லை. எல்லோரும் பாராட்டினார்கள்.

1964 ஏப்ரல் 20, சென்னை

ஸ்டூடியோவில் என்னை எடுத்துக்கொண்டார்கள். "பாடகி எங்கே?" என்று உதவி இசையமைப்பாளர் கேட்டார். வரவில்லை என்றேன்.

1964 ஜூன் 3

வீட்டைச் சென்னைக்கு மாற்றுகிறோம். சொல்லிக்கொள்ளப் போனபோது பொன்னழகு மார்க்கெட்டுக்குப் போயிருந்தாள்.

1965 ஆகஸ்ட் 8, சென்னை

இன்று பின்னணி இசைதான், பாட்டு எதுவும் இல்லை. இரண்டு டேக் முடிந்ததும் ஒலிப்பதிவாளர் கண்ணாடி அறையிலிருந்து இறங்கி வந்தார். "கிடார் அருமையா இருக்கு சார். ஒண்ணே ஒண்ணு. வரிக்கு நடுவுல ஒரு இடத்துல வாசிப்பை அப்படியே தணிச்சுடறீங்க. ஒவ்வொரு தடவையும் அதே இடம். யாரோ மூச்சு வாங்கறதுக்குக் காத்திருக்கற மாதிரி இருக்கு. பாட்டே இல்லையே, எதுக்கு?"

பழக்கம் என்றேன்.

"மாத்திக்கங்க."

சரி என்றேன். அடுத்த டேக்கில் தணிக்காமல் வாசித்தேன். அதுதான் சரியாக இருக்கிறது என்று எடுத்துக்கொண்டார்கள்.