மூன்று டிக்கெட்டும் ஒரு சல்லடமும்

வாளையார்
25.9.2024

அன்புள்ள வனிதாவுக்கு,

ஓண லீவு முடிந்து சம்மு பத்திரமாக வந்து சேர்ந்தாள். நீ கொடுத்துவிட்ட வெல்லத்தை என் அக்கா மருதாத்தாள் பூட்டி வைத்திருக்கிறாள். இல்லாவிட்டால் உன் மகள் சோற்றுக்குப் பதில் அதையே தின்பாள்.

இதைப் போனில் கேட்டிருக்கலாம். ஆனால் நான் கத்துவேன், நீ அழுவாய், பிள்ளை என் முகத்தையே பார்த்துக்கொண்டு நிற்பாள். அதனால் எழுதுகிறேன்.

நேற்று குளித்துவிட்டு ஓடி வந்து, "அப்பா, என் சல்லடம் எங்கே?" என்றாள். "இதென்னடா சாமி, ஆரு சொல்லிக் குடுத்த வார்த்தை?" என்று அக்கா என்னைப் பார்த்தாள். அக்காவுக்கு அது டவுசர். உனக்கும் எனக்கும் ஜட்டி. மலையாளம் பேசும் அங்கன்வாடி டீச்சருக்கு ஷட்டி. மூன்றையும் ஆளுக்குத் தகுந்தபடி மாற்றிச் சொல்லும் கெட்டிக்காரி நம் மகள். நான்காவதை எங்கே பிடித்தாள்?

எஸ்டேட் கோயில் கொடைத் திருவிழாவில் உன் அப்பா முழங்கால்வரை வரும் சிவப்புச் சல்லடம் கட்டிச் சாமியாடுவார், அதைப் பார்த்து உங்கள் வீட்டில் பிள்ளைகளின் ஜட்டிக்கும் அதே பெயர் வந்துவிட்டது என்று கல்யாணத்துக்கு முன்னால் நீதான் சிரித்துச் சிரித்துச் சொன்னாய். வேறு யார் வாயிலும் நான் அதைக் கேட்டதில்லை.

மாலையும் கழுத்துமாக நாம் போய் நின்றபோது கதவைச் சாத்தியவர் அவர். அவராகக் கூப்பிடும்வரை பிள்ளை அந்த வாசலை மிதிக்காது என்று எனக்குச் சத்தியம் செய்திருக்கிறாய். மறையூரை விட்டு எங்கும் போகவில்லை என்றும் சொன்னாய். நம்பலாமா?

நவீன்

மறையூர்
29.9.2024

சம்மு அப்பாவுக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது. முதலாளி எடை மேடையில் உட்கார வைத்தாலும் வைத்தார், வீட்டிலும் எல்லாவற்றையும் தராசில் ஏற்றிப் பார்க்கிறீர்கள். நான் லாரி இல்லை.

என்னோடு குவார்ட்டர்ஸில் இருக்கும் நர்ஸ் கத்தரீனாள் அக்காவைத் தெரியுமல்லவா? எங்களைப் போல அவர்களுக்கும் பூர்வீகம் திருநெல்வேலிப் பக்கம்தான். நான் டியூட்டிக்குப் போகும்போது சம்முவைக் குளிப்பாட்டி விட்டது அவர்கள். அவர்கள்தான் சொல்லியிருப்பார்கள். இதற்குப் போய் இரண்டு பக்கம் எழுதுவீர்களா?

ஆஸ்பத்திரி, குவார்ட்டர்ஸ், பின்னால் இருக்கும் கரும்புக்காடு. இதைத் தாண்டி நானும் போகவில்லை, பிள்ளையும் போகவில்லை.

பூஜை லீவுக்கு அவளை அனுப்புங்கள். அவள் தலையணையை இன்னும் எடுத்து வைக்க மனம் வரவில்லை.

வனிதா

வாளையார்
4.10.2024

வனிதாவுக்கு,

கத்தரீனாளுக்குப் போன் செய்தேன். "உங்கள் வீட்டில் பிள்ளைகள் ஜட்டியை என்னவென்று சொல்வீர்கள்?" என்று கேட்டேன். நடு வெயிலில், பின்னால் பதினாறு லாரி ஹாரன் அடிக்க, ஒரு ஆண் கேட்கிற கேள்வியா இது? "எங்க வீட்டுல நிக்கர்னுதான் சொல்லுவோம். ஏன் சார் கேக்கீங்க?" என்றார்கள். என்னைப் பற்றி என்ன நினைத்தார்களோ. மானம் போனாலும் போகட்டும், நீ சொன்னது பொய் என்று தெரிந்துவிட்டது.

இன்னொன்று. சம்முவின் துணிப்பை அடியில் மடித்து மடித்து மூன்று பஸ் டிக்கெட். மூன்றும் மூணாறு – மறையூர். மறையூரைத் தாண்டாதவளுக்கு மூணாறிலிருந்து வர டிக்கெட் எதற்கு? மாட்டுப்பட்டிப் பக்கம் உன் அப்பா வீட்டுக்கு மூணாறு வழியாகத்தான் போக வேண்டும் என்பது எனக்குத் தெரியாதா?

சம்முவிடமும் கேட்டேன். ஒரு தடவை அல்ல, தினமும் கேட்டேன். "தாத்தா வீட்டுக்குப் போனாயா?" என்றால், இல்லை என்கிறாள். "தாத்தாவைப் பார்த்தாயா?" என்றால் தலையைக் குனிந்துகொள்கிறாள். நான்கு வயதுப் பிள்ளைக்கு மறைக்கக் கற்றுக்கொடுத்தது யார்?

பூஜை லீவுக்கு அனுப்பமாட்டேன். இனி எப்போது அனுப்புவேன், அனுப்புவேனா என்பதே நீ எழுதப்போகும் பதிலில் இருக்கிறது.

நவீன்குமார்

மறையூர்
8.10.2024

சம்மு அப்பாவுக்கு,

முழுப்பெயரில் கையெழுத்துப் போட்டிருக்கிறீர்கள், ஆபீஸ் நோட்டீஸ் மாதிரி. சரி, கேளுங்கள்.

மூன்று டிக்கெட்டும் மூணாறிலிருந்து மறையூருக்கு. இங்கிருந்து போன டிக்கெட் ஒன்றாவது இருந்ததா? அதை ஏன் தேடவில்லை? நாங்கள் போகவில்லை. அப்பா வந்தார்.

சம்மு வந்திருப்பது யார் சொல்லி அவருக்குத் தெரிந்ததோ. ஆஸ்பத்திரிக்கு எதிரே டீக்கடை பெஞ்சில் வந்து உட்கார்ந்திருந்தார். நான் வெளியே வந்ததும் எழுந்து நின்றார். உள்ளே கூப்பிட்டேன். "மாப்பிள்ளை இல்லாத வீட்டுல நான் எப்படிம்மா படி ஏறுவேன்? அன்னைக்கு அவரை வாசல்ல நிக்க வச்சவன்லா நான்" என்றார். எட்டு நாளில் மூன்று தடவை வந்தார். மூன்று தடவையும் அந்த பெஞ்சுதான். சம்முவுக்குப் பன் வாங்கிக் கொடுப்பார், அவள் தின்பதைப் பார்ப்பார். அவர் சட்டைப்பையிலிருந்து டிக்கெட்டை எடுத்து வைத்துக்கொண்டவள் அவள்.

மூன்றாவது தடவை சம்மு டீக்கடை ஓரத்து வாய்க்காலில் விழுந்து எழுந்தாள். "ஏ வனிதா, பிள்ளைக்குச் சல்லடம் நனைஞ்சு போச்சு, மாத்தி விடு" என்று ரோட்டுக்கு அந்தப் பக்கத்திலிருந்து சத்தம் போட்டார். அந்தச் சொல்லைக் கேட்டு ஐந்து வருஷமாகிறது. நான் நடு ரோட்டில் நின்று அழுதேன். சம்மு சிரித்தாள், அந்தச் சொல்லைப் பிடித்துக்கொண்டாள்.

"அப்பாவிடம் சொல்லாதே" என்று அவளிடம் சொன்னது நான்தான். கத்தரீனாள் அக்கா பெயரை இழுத்ததும் நான்தான். தப்பு. ஏன் மறைத்தேன் என்று உங்கள் முந்தின கடிதத்தைப் படித்துப் பாருங்கள், தெரியும்.

என்னை எவ்வளவு வேண்டுமானாலும் சந்தேகப்படுங்கள். அவளைக் கேள்வி கேட்காதீர்கள். நேற்று போனில் "என்ன சாப்பிட்டே?" என்றேன். "அப்பாகிட்டக் கேளும்மா" என்கிறாள். சாப்பிட்டதைச் சொல்லவும் பயப்படுகிறாள்.

வனிதா

வாளையார்
24.10.2024

அன்புள்ள வனிக்கு,

இரண்டு வாரமாக உனக்குப் பதில் எழுதவில்லை. ரோஷம்தான், வேறென்ன. நீயும் உன் அப்பாவும் சேர்ந்து என்னை முட்டாளாக்கிவிட்டீர்கள் என்றுதான் முதலில் நினைத்தேன். லாரிக்காரன் சொல்கிற கணக்கை நம்பக் கூடாது என்பதற்குத்தான் எனக்குச் சம்பளம். அந்தப் புத்தியை வீட்டுக்கும் கொண்டுவந்துவிட்டேன்.

இன்று காலை சம்மு குளித்துவிட்டு வந்து துண்டோடு நின்றாள். என்ன வேண்டும் என்று கேட்டேன். அலமாரியைக் காட்டி "அது" என்றாள். எது என்றேன். "அது" என்றாள் மறுபடியும். அக்காவிடம் டவுசர், டீச்சரிடம் ஷட்டி, நம்மிடம் ஜட்டி என்று பேசிய பிள்ளைக்கு இப்போது ஒரு வார்த்தையும் வாயில் வரவில்லை. எதைச் சொன்னால் நான் அடுத்த கேள்வி கேட்பேன் என்று பார்த்துக்கொண்டு நின்றாள்.

"சல்லடமா?" என்று கேட்டேன். என் முகத்தையே பார்த்தாள். நான் சிரித்த பிறகுதான் தலையாட்டினாள். "சல்லடம்" என்று அவள் சொல்ல இன்னும் கொஞ்ச நேரம் பிடித்தது. அக்கா அடுப்படியிலிருந்து, "என்ன கருமமோ, போட்டு உடுடா, சளி புடிச்சுக்கும்" என்றாள்.

புதன்கிழமை உடுமலைப்பேட்டையில் மூணாறு பஸ் ஏறி மறையூரில் இறங்குகிறோம். தீபாவளி உன்னோடுதான். உன் அப்பாவையும் வரச் சொல். டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்தால் அங்கே வந்து நானே கையைப் பிடித்து உள்ளே கூட்டிக்கொண்டு வருவேன். அவர் என்னைக் கூப்பிடட்டும் என்று ஐந்து வருஷம் காத்திருந்தேன். நான் கூப்பிட்டால் என்ன குறைந்துவிடும்?

பை கட்டியாகிவிட்டது. கவுன் நான்கு, ஸ்வெட்டர் ஒன்று, சல்லடம் ஆறு.

உன்
நவீன்