வரைபடத்தில் உள்ள வீதி எங்கள் முன்வாசலில் இல்லாதது பற்றி

அனுப்புநர்:
திருமதி இராயப்பன் ஜோசப்பின்,
புதிய வீட்டுத் திட்டம், ரோஜா வீதி,
கல்லுமலைத் தோட்டம், கீழ்க்கணக்கு,
கந்தப்பளை.

பெறுநர்:
பணிப்பாளர் அவர்கள்,
மலைச்சாரல் நகரத் திட்ட அலுவலகம்,
நுவரெலியா.

ஊடாக: கிராம உத்தியோகத்தர் அவர்கள்

விடயம்: ரோஜா வீதியை நிலத்தில் அமைத்துத் தருமாறும், அதுவரை எங்கள் முன்கதவுக்கு மரப்படி வைக்க அனுமதிக்குமாறும் கோரல்.

மதிப்பிற்குரிய ஐயா,

மேலே என் முகவரியில் ரோஜா வீதி என்று எழுதியிருக்கிறேன். அது எங்கே இருக்கிறது என்று கேட்டால் எனக்குத் தெரியாது. அப்படித்தான் எழுத வேண்டும் என்று தங்கள் அலுவலகத்தில் சொன்னார்கள், எழுதிவிட்டேன். தாய்மார் கொழுந்து பறிக்கப் போகும்போது கைக்குழந்தைகளை விட்டுச் செல்லும் பிள்ளைக்காம்பராவில் பல காலம் வேலை செய்தவள் நான். அழுகிற பிள்ளைக்குப் பசியா வயிற்றுவலியா என்று பார்த்த மாத்திரத்தில் சொல்லிவிடுவேன். இந்த வீதி மட்டும் எனக்குப் பிடிபடவில்லை. என் கணவர் இராயப்பன் மறுபடி நடப்பதும் நடக்காமல் போவதும் இதில்தான் இருக்கிறது என்பதால் தங்களிடம் முறையிடுகிறேன்.

1. கந்தப்பளை நகரத்தை எங்கள் தோட்டம் வரை விரிக்கும் திட்டத்தில், லயம் என்ற வரிசைக் குடியிருப்பில் இருந்த எங்களுக்கு ஏழு பேர்ச் காணியும் தனிவீடும் கிடைத்தன. அதற்கு நன்றி சொல்லாமல் குறை சொல்ல எனக்கு மனமில்லை. லயத்தில் அடுத்த காம்பராவில் தாளித்தால் எங்களுக்குத் தும்மல் வரும். இங்கே எங்கள் தும்மல் எங்களுடையது.

2. ஆனால் வீடுகளெல்லாம் மலைச்சரிவின் கீழ்ப்பக்கம் பார்த்துக் கட்டப்பட்டுள்ளன. நாங்கள் காலங்காலமாக நடக்கும் தோட்டப் பாதையோ மேல்பக்கம், வீட்டுக்குப் பின்னால். ஏன் இப்படி என்று அத்திவாரம் வெட்டும்போதே கேட்டோம். நகரத்து வீடு வீதிக்கு முதுகைக் காட்டக் கூடாது, கீழே மதில் கட்டி மண் நிரப்பி ரோஜா வீதி வரப்போகிறது, அது முன்வாசலைத் தொட்டுக்கொண்டு நேரே பஸ் தரிப்பிடத்துக்குப் போகும் என்றார்கள். எங்களுக்குப் பெருமையாக இருந்தது. இன்றுவரை கீழே தேயிலைதான் இருக்கிறது. முன்கதவைத் திறந்தால் நெஞ்சளவு பள்ளம்.

3. திறப்பு விழா அன்று முன்பக்கம் முழுவதும் பலகை மேடை போட்டிருந்தார்கள். பெரியவர்கள் மேடையில் ஏறி, நாடா வெட்டி, முன்கதவு வழியாக உள்ளே வந்து பால் குடித்து, படம் எடுத்துக்கொண்டு போனார்கள். அவர்கள் போனதும் மேடையைக் கழற்றி லொறியில் ஏற்றிவிட்டார்கள். எங்கள் வீட்டு முன்கதவால் மனிதர் வந்துபோனது அந்த ஒரு நாள்தான். அடுத்த வாரம் வீடு மந்திரிக்க வந்த பாதர், அந்தக் கதவில் தீர்த்தம் தெளிக்கக் காலை வெளியே வைக்கப் போனவர், எட்டிப் பார்த்துவிட்டு உள்ளே நின்றபடியே தெளித்தார்.

4. என் கணவர் ஸ்டோர் என்று நாங்கள் சொல்லும் தேயிலைத் தொழிற்சாலையில் வேலை செய்து ஓய்வுபெற்றவர். ஓய்வு கிடைத்தது அவருக்குத்தான், அவர் காலுக்கு இல்லை. விடியற்காலையில் ஸ்டோர் சங்கு ஊதினால் கண் திறக்குமுன் கால் நடக்கும். லயத்தில் கதவைத் திறந்தால் இஸ்தோப்பு என்ற சின்ன விறாந்தை, அப்புறம் தண்ணீர் ஓடும் கான், அப்புறம் பாதை. தூக்கத்திலேயே போகலாம். புது வீட்டுக்கு வந்து கொஞ்ச நாளில் ஒரு விடியலில் சங்கு ஊதியது. எழுந்தார், முன்கதவைத் திறந்தார், இஸ்தோப்பில் வைப்பதாக நினைத்துக் காலை வைத்தார். இடுப்பெலும்பு முறிந்துவிட்டது. அடுத்த வீடுகளிலும் இப்படிக் காலை வைத்தவர்கள் உண்டு. அவர்கள் இளவயதினர், தேயிலைச் செடியில் விழுந்து எழுந்து சிரித்துக்கொண்டே போனார்கள்.

5. ஆஸ்பத்திரியில் எலும்புக்குத் தகடு வைத்தார்கள். கிளினிக்குக்குத் தவறாமல் கூட்டிவந்து பயிற்சி கொடுத்தால் நடப்பார், தாமதித்தால் கால் இறுகிவிடும் என்று டொக்டர் சொன்னார். சமையலறைக் கதவு ஒடுக்கம், அடுப்படியில் ஒரு திருப்பம், வெளியே மண்ணில் வெட்டிய படி. அவருடைய சக்கரக் கதிரை அதில் திரும்பாது. அடுத்த வீட்டு டினேஷும் அழகனும் அவரை மூட்டைபோல் தூக்கித்தான் மேலே கொண்டுபோக வேண்டும். கடந்த மழையில் அழகன் வழுக்கி, அவனும் இவரும் விழப் பார்த்தார்கள். அன்றுமுதல் இவர் வெளியே வர மறுக்கிறார். அம்புலன்சைக் கூப்பிட்டோம். அது தொலைபேசி வரைபடத்தைப் பார்த்து ரோஜா வீதியைத் தேடிக் கீழ்மலைக்குப் போய், தேயிலைக்குள் நின்று, "அம்மா, நான் உங்க வீட்டு வாசல்லதான் நிக்கிறேன், எங்க இருக்கீங்க?" என்று கேட்டது.

6. தோட்ட அலுவலகத்துக்குப் போனேன். வீதிக்கான நிலத்தைக் கொடுத்தாயிற்று, இனி எங்களுக்குச் சம்பந்தமில்லை என்றார்கள். பிரதேச சபைக்குப் போனேன். போடாத வீதியை நாங்கள் எப்படிப் பொறுப்பெடுப்பது என்றார்கள். அதுவும் சரியாகத்தான் பட்டது. தங்கள் அலுவலகத்துக்கு வந்தேன். திலக்ஷன் என்ற உத்தியோகத்தர் என்னைக் கதிரையில் உட்காரவைத்து, தேநீர் கொடுத்து, கணினியில் படத்தைக் காட்டி, "பாருங்க அம்மா, ரோடு முடிஞ்சிருச்சே" என்றார். உண்மைதான், முடிந்திருந்தது. இரண்டு பக்கமும் மரம், விளக்குக் கம்பம். என் வீட்டு முன்வாசலில் குடை பிடித்தபடி ஒருவர் நடந்துபோகிறார். அவர் யார் என்று தெரியவில்லை, கீழ்க்கணக்கு என்ற எங்கள் தோட்டப் பிரிவில் அப்படி ஓர் ஆள் இல்லை. கண்ணைக் கட்டிக் காட்டில் விட்டதுபோல் பஸ் ஏறி வந்தேன். ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பார்கள். ஏட்டில் இருக்கிறதே என்று அடுப்பை மூட்டிவிட்டு உட்கார்ந்திருப்பவர்கள் நாங்கள்.

7. சரி, வீதி வரும்போது வரட்டும் என்று டினேஷைக் கொண்டு முன்கதவுக்குச் சாய்வுப் பலகையாக ஒரு மரப்படி அடிக்க ஆரம்பித்தோம். கதிரையை உருட்டி இறக்கி, தேயிலை வழியாகக் கீழே இருக்கும் லொறிப் பாதைவரை தள்ளிப்போகலாம் என்ற எண்ணம். வீதியை மறித்து அனுமதியின்றிக் கட்டுமானம் செய்கிறீர்கள், அகற்றுங்கள் என்று தங்கள் அலுவலகத்திலிருந்து அறிவித்தல் வந்தது. கூடவே, துணி காயப்போடும் கொடியும் போக்குவரத்துக்கு இடைஞ்சல் என்றிருந்தது. படியைக் கழற்றினோம். கொடியையும் அவிழ்த்தேன். வாசலைப் பின்பக்கம் பெரிதாக வெட்டலாமா என்று கேட்டதற்கு, வீட்டின் அமைப்பை மாற்றக் கூடாது என்று பதில் வந்தது.

ஐயா, நான் சண்டை பிடிக்க எழுதவில்லை. போன இடத்திலெல்லாம் மரியாதையாகத்தான் பேசினார்கள். ஆளுக்கு ஆள் சொல்வது தனித்தனியே சரியாக இருக்கிறது. எல்லாவற்றையும் சேர்த்தால் என் கணவர் வீட்டுக்குள்ளேயே இருக்க வேண்டும் என்று வருகிறது. இதில் நான் எங்கே பிழையாக விளங்கிக்கொண்டேன் என்று தாங்கள் சொன்னால் திருத்திக்கொள்வேன். எனக்குப் பயமாக இருக்கிறது. அவருடைய முழங்கால் முன்புபோல் மடங்குவதில்லை.

ஆகவே, வீதி அமையும்வரை மரப்படியை வைக்க எழுத்தில் ஓர் அனுமதி தருமாறும், ஒருமுறை நேரில் வந்து பார்க்குமாறும் தங்களை மிகப் பணிவாகக் கேட்டுக்கொள்கிறேன்.

வருவதானால் ஒரு சின்ன விண்ணப்பம். வரைபடத்தைப் பார்த்துக் கீழ்ப்பக்கமாக வரவேண்டாம். மேலே தோட்டப் பாதையால் வந்து, சமையலறைப் பக்கம் குரல் கொடுங்கள். முன்கதவைக் கம்பியால் கட்டி வைத்திருக்கிறோம். அதன் பக்கத்தில்தான் கதிரையைப் போட்டு இவர் நாள் முழுக்க இருக்கிறார். "ஜோசப்பின், முன்கதவ யாராச்சும் தட்டுனா ரோடு வந்துருச்சுன்னு அர்த்தம். அன்னைக்கு நானே எந்திரிச்சுத் தொறப்பேன்" என்று சொல்லிக்கொண்டிருக்கிறார். தயவுசெய்து தாங்கள் அந்தக் கதவைத் தட்டிவிட வேண்டாம்.

இப்படிக்கு,
தங்கள் பதிலை எதிர்பார்த்திருக்கும்,
இ. ஜோசப்பின்
(கையொப்பம்)

இடம்: கந்தப்பளை
திகதி: 09.07.2025