அமெரிக்க மாமியின் கடைசிக் கதை

பார்சலைப் பிரித்ததும் முதலில் வந்தது வாசனைதான். பழைய பிஸ்கட் டின்னைப் பல வருஷம் கழித்துத் திறந்தால் வருமே, அந்த வாசனை. அமெரிக்காவில் ஏதோ ஓர் ஊர் நூலகம் வேண்டாமென்று கழித்துக் கட்டிய புத்தகம். என் அண்ணன் மகன் தேடிப் பிடித்து அனுப்பியிருக்கிறான். மங்கிப்போன பச்சை அட்டை, முதுகில் தங்க எழுத்தில் நம்முடைய அமெரிக்க மாமியின் பெயர். அவள் எழுதிய கதைகள் அத்தனையும் இதில் இருப்பதாக முன்னுரை சத்தியம் செய்கிறது. நீ இருந்திருந்தால் அதைப் பிடுங்கி முகத்தோடு வைத்துக்கொண்டிருப்பாய். நான் என்ன செய்தேன் தெரியுமா? நடுவில் பக்கம் ஏதாவது கிழிந்திருக்கிறதா என்று பார்த்தேன்.

சிரிக்கிறாய், தெரிகிறது. தி.நகர் ஜவுளிக்கடையில் வளர்ந்தவள் வேறு எப்படி இருப்பாள்? தெற்கேயிருந்து வந்து கடை போட்ட அப்பா, பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் என்னைக் கல்லாவுக்குப் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்காரவைத்துவிடுவார். வருகிறவர்களின் முகத்தைப் பார்க்காதே, கையைப் பார் என்பார். கல்லூரியில் தமிழ் சொல்லிக்கொடுக்கப் போன பிறகும் அந்தப் புத்தி விடவில்லை. பேச்சோடு பேச்சாக எதிரில் இருப்பவரின் புடவைத் தலைப்பை இரண்டு விரலால் தேய்த்துப் பார்த்துவிடுவேன். சாந்தோமில் நம் கல்லூரியின் ஆசிரியர் அறையில் உன் தலைப்பை அப்படித் தேய்த்த முதல் நாள், மற்றவர்களைப்போல நீ வெடுக்கென்று இழுத்துக்கொள்ளவில்லை. "அசலாப்பா, போலியா?" என்று கேட்டாய். நம் சிநேகம் அங்கேதான் ஆரம்பித்தது.

நீ ஆங்கிலத் துறை. பத்தொன்பதாம் நூற்றாண்டில் அமெரிக்கக் கடலோரத்துச் சிற்றூர் ஒன்றில் கல்யாணம் செய்துகொள்ளாமல் இருந்து, கதை எழுதி, செத்துப்போன ஒருத்தியின் மேல் உனக்கு அப்படி ஒரு பித்து. பாடத்திட்டத்தில் அவள் கிடையாது. உன்னிடம் இருந்ததெல்லாம் எங்கெங்கிருந்தோ சேர்த்த நகல் தாள்கள். நாம் ஓய்வு பெற்ற பிறகு, சனிக்கிழமைதோறும் லஸ் பக்கத்துப் பூங்காவில் உட்கார்ந்து நீ தமிழாக்கிக்கொண்டு வந்ததைப் படிப்பாய். தமிழ் எங்கே இடறுகிறது என்று நான் சொல்வேன். அந்தக் காலத்து ஆங்கிலத்தை நானாகப் படிக்க எனக்குப் பொறுமை போதாது. உன் குரலில்தான் அவளை எனக்குத் தெரியும்.

அவள் கதைகளில் பெரிதாக எதுவும் நடக்காது. சர்ச் விருந்துக்கு ஒருத்தி செய்து அனுப்பிய கேக்கில் ஒரு துண்டு குறைந்திருக்கும். யார் தின்றது என்று ஊரே ஒருவரையொருவர் ஓரக்கண்ணால் பார்க்கும். கடைசியில் பாதிரியாரின் கல்யாணமே நின்றுபோகும். இன்னொரு கதையில் ஒரு விதவை, செத்துப்போன புருஷனின் பூட்ஸைத் தினமும் துடைத்து வாசலில் வைப்பாள். பாவம், துக்கம் தீரவில்லை என்று எல்லோரும் உருகுவார்கள். வீட்டில் ஆம்பிளை இருப்பதாகத் திருடன் நினைக்கட்டும் என்றுதான் வைத்தாள் என்பது கடைசி வரியில் தெரியும். எனக்கு அவளைப் பிடித்துப்போனதற்கு அதுதான் காரணம். என்னைப்போல அவளும் ஒரு சந்தேகப் பிராணி.

மீன்தான் நம்மைப் படுத்தி எடுத்தது. நீ முட்டையைக்கூடத் தொடாதவள். அவள் கதையிலோ பக்கத்துக்குப் பக்கம் மீன். ஒரு நாள் கைபேசியில் படத்தை எடுத்துக்கொண்டு நொச்சிக்குப்பத்தில் ரோட்டோரம் கடை போட்டிருந்த அம்மாவிடம் இதற்குத் தமிழில் என்ன பெயர் என்று கேட்டாய். "இன்னாமா, மீன் வாங்க வந்தியா, போட்டோ காட்ட வந்தியா? கொடுவா மாதிரி கீது, எழுதிக்கோ" என்றாள். அவள் கூடையில் விற்காமல் கிடந்தது கொடுவாதான் என்று திரும்பி வரும்போது நான் சொன்னேன். நீ ஆட்டோவில் சிரித்த சிரிப்பில் டிரைவர் கண்ணாடியைத் திருப்பிவைத்துப் பார்த்தார். அப்போது நீ சொன்னது இன்னும் காதில் இருக்கிறது: "உன் சந்தேகமெல்லாம் சரியாத்தான்பா இருக்கும். அதை யார்கிட்டப் போய்ச் சொல்றேங்கறதுலதான் கோட்டை விடறே."

போனில் பேச வசதியாக இருக்கட்டும் என்று அவளுக்கு மாமி என்று பெயர் வைத்தது வேறு வினையாகிப் போனது. ஒரு நாள் நீ என்னிடம், மாமி இந்த வாரம் ஒருத்தியைப் புருஷனுக்குத் தெரியாமல் ஒரு மாலுமியோடு படகில் அனுப்பிவிட்டாள் என்று சொல்லிக்கொண்டிருந்ததை உன் வீட்டுக்காரர் கேட்டுவிட்டார். அது எந்தத் தெரு மாமி, பிள்ளை அமெரிக்காவில் இருக்கிறானா, அவளோடு உனக்கு என்ன சகவாசம் என்று இரண்டு நாள் குடைந்தாராம். நாலு மாட வீதியைச் சுற்றிப் பிள்ளை அமெரிக்காவில் இல்லாத மாமி யார் இருக்கிறாள், அவர் மேல் தப்பு இல்லை. அவள் செத்து நூறு வருஷத்துக்கு மேல் ஆயிற்று என்று நீ சொன்ன பிறகும் அவர் நம்பினாரா என்பது எனக்குச் சந்தேகம்தான்.

உன் வீட்டுக்காரரைக் கொடுமைக்காரர் என்று யாரும் சொல்ல முடியாது. வங்கியில் பெரிய வேலையில் இருந்தவர், குரல் உயர்த்திப் பேசமாட்டார். ஆனால் நீ செருப்பை மாட்டும்போதெல்லாம் பேப்பரிலிருந்து தலையைத் தூக்காமலே, எத்தனை மணிக்கு வருவே என்பார். முனைக்கடைக்குக் கீரை வாங்கப் போனாலும் அதே கேள்வி. கல்யாணமான நாளிலிருந்து இப்படித்தான் என்று ஒரு தடவை சொன்னாய். சொல்லிவிட்டு உடனே பேச்சை மாற்றினாய்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். நீ தமிழாக்கிய கதைகள் புத்தகமாகப் போகின்றன. தேனாம்பேட்டையில் ஒரு சந்துக்குள் சின்னதாகப் பதிப்பகம் வைத்திருக்கும் பெண் ஒருத்தி எடுத்துக்கொண்டாள். நீ இல்லாததால் உன் வீட்டுக்காரர்தான் சம்மதம் தர வேண்டும். அச்சடித்த தாள்களை வாங்கி வைத்துக்கொண்டு, படித்துவிட்டுச் சொல்கிறேன் என்றிருந்தார். பதிப்பகத்துப் பெண்ணோ ஒவ்வொரு கதைக்கும் மூலத் தலைப்பு வேண்டும் என்றாள். அதற்காகத்தான் இந்தப் பச்சைப் புத்தகத்தை வரவழைத்தேன். எல்லாக் கதையும் கிடைத்தது. நீ கடைசியாகப் படித்துக் காட்டிய கதை மட்டும் கிடைக்கவில்லை.

முதலில் அமெரிக்கப் பதிப்பாளர் மேல் சந்தேகப்பட்டேன், முழுத் தொகுப்பு என்று சொல்லிவிட்டு ஒன்றை அமுக்கிவிட்டான் என்று. அப்புறம் அண்ணன் மகனை விரட்டினேன். அங்கே ஒரு பல்கலைக்கழகத்துக்கு எழுதிக் கேட்டுவிட்டு, இவ்வளவுதான் அத்தை அவங்க எழுதினதே என்றான். பிறகு நீ என்னிடம் விட்டுப்போன உன் தாள்களை எடுத்து அந்தக் கதையை மறுபடி படித்தேன்.

உனக்கே சொல்கிறேன் உன் கதையை. மார்த்தா என்று ஒருத்தி. குளிர்காலத்தில் ஒரு காலை, கையில் கூடையோடு வீட்டைவிட்டு இறங்குகிறாள். புருஷன் உள்ளே பத்திரிகை படிக்கிறான். பக்கத்து வீட்டுக்காரி வேலியோரம் நிற்கிறாள். பாலில் தண்ணீர் கலந்திருக்கிறதா என்று மோந்து பார்ப்பவள், யாரைப் பார்த்தாலும் அவர்கள் உடைத் துணியை இரண்டு விரலால் தேய்த்துப் பார்ப்பவள், ஊர் முழுக்கச் சந்தேகம் பரப்புகிறவள். என்றைக்கும் போய்ட்டு வரேன் என்று சொல்லும் மார்த்தா, அன்றைக்கு அவளிடம் போறேன் என்கிறாள். பக்கத்து வீட்டுக்காரிக்குப் பகீரென்கிறது. புரிந்துவிடுகிறது. சாயங்காலம் புருஷன் வந்து, உன்கிட்ட ஏதாவது சொன்னாளா என்று கேட்கிறான். வாழ்நாளில் எந்தச் சந்தேகத்தையும் அடக்கி வைத்தறியாத அந்தப் பெண், "போய்ட்டு வரேன்னுதான் சொன்னா" என்கிறாள். கதை அதோடு முடிகிறது.

பூங்காவில் நீ இதைப் படித்தபோது அந்தப் பக்கத்து வீட்டுக்காரியை நினைத்து நான் வயிறு குலுங்கச் சிரித்தேன். சிரித்தேனே தவிர, யோசித்தேனா? ஆங்கிலத்தில் போகிறவர்கள் போகிறேன் என்றுதான் சொல்வார்கள். அதைக் கேட்டு யாருக்கும் பகீரென்னாது, அப்படிச் சொல்லாதே என்று யாரும் திருத்தமாட்டார்கள். வாசலில் நின்று போறேன் என்று ஒருத்தி சொன்னால், போய்ட்டு வரேன்னு சொல்லு என்று பதறுவது நம் வீடுகளில்தான். அதை எந்த அமெரிக்கக்காரியும் எழுதியிருக்க முடியாது. ஊரிலுள்ள அத்தனை பேரையும் சந்தேகப்பட்ட நான், பக்கத்தில் உட்கார்ந்து படித்த உன்னைச் சந்தேகப்படவில்லை. அந்தத் துணி தேய்க்கும் விரல்கள் யாருடையவை என்றும் பார்க்கவில்லை. எனக்குக் கோபம் வந்தது. என்னிடமே ஒளித்துவிட்டாயே என்று அழுகையும் வந்தது.

கூடவே ஒரு மார்கழிச் சனிக்கிழமை ஞாபகம் வந்தது. அன்று நீ வழக்கமான ஜோல்னாப்பையை விட்டுவிட்டுப் பெரிய பையோடு வந்தாய். வாய் திறந்திருந்த பைக்குள் புடவைகளும் ஒரு துண்டும் தெரிந்தன. இஸ்திரி போடணும் என்றாய். இஸ்திரி வண்டி உன் வீட்டு வாசலிலேயே நிற்கிறது. எனக்குத் தெரியும், எனக்குத் தெரியும் என்பது உனக்கும் தெரியும். ஏனோ அன்றைக்கு நான் ஒன்றும் கேட்கவில்லை. உன் முகம் அப்படி இருந்தது. இரண்டு பேரும் சுண்டல் வாங்கித் தின்றோம். கொசு கடிக்கத் தொடங்கியதும், எழுந்திரு, அவர் காபி கேட்பார் என்று நீயே எழுந்தாய். அடுத்து நீ கொண்டுவந்தது மார்த்தாவின் கதை.

இந்தக் கதை யார் பெயரில் போவது? மாமியின் தலையில் கட்டினால் அது பொய். நீ எழுதிய ஒரே கதை உன்னுடையது இல்லாமல் போகும். உன் பெயரில் போட்டால், உன் மனசில் இருந்ததை உன் வீட்டுக்காரர் அச்சில் படிப்பார். கோபத்தில் புத்தகத்தையே நிறுத்திவிடுவார் என்று நினைத்தேன். நேரில் போய் ஆழம் பார்த்துவிட்டு வரலாம் என்று கிளம்பினேன். மெட்ரோவுக்காக லஸ்ஸைத் தோண்டிப் போட்டதிலிருந்து எந்தத் தெரு எங்கே முட்டும் என்று தெரிவதில்லை. ஆட்டோக்காரர் வேண்டுமென்றே சுற்றுகிறாரோ என்று வழியெல்லாம் அவரோடு மல்லுக்கட்டிக்கொண்டு போய்ச் சேர்ந்தேன்.

அவரே காபி போட்டுக் கொண்டுவந்தார். சர்க்கரை கூடிப்போயிருந்தது. மேஜையில் அந்த அச்சுத் தாள்கள், கடைசிக் கதை மேலே. என்னை முந்திக்கொண்டு அவரே ஆரம்பித்தார். "இது அந்த அமெரிக்காக்காரி எழுதினது இல்லையே?" என்றார்.

நான் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டேன்.

"ஒரு மார்கழி மாசம், சனிக்கிழமை. வாசல்ல நின்னுண்டு போறேன்னா. நான் பேப்பர் பாத்துண்டே எத்தனை மணிக்கு வருவேன்னு கேட்டேன். பதிலே சொல்லலை. சாயங்காலம் வந்துட்டா, நானும் மறந்துட்டேன். இதைப் படிச்சதுலேர்ந்து அதுதான் உறுத்திண்டே இருக்கு. அன்னிக்கு உங்களைப் பாக்கத்தானே வந்தா? உங்ககிட்ட ஏதாவது சொன்னாளா?"

அந்தப் பை என் கண் முன்னால் வந்தது. அதில் இருந்த புடவையின் நிறத்தைக்கூட என்னால் சொல்லியிருக்க முடியும். அவர் கைகளைப் பார்த்தேன். காலி டம்ளரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தார்.

"போய்ட்டு வரேன்னுதான் சொன்னா" என்றேன்.

வாயிலிருந்து வந்த பிறகுதான் அது யார் சொன்ன வாக்கியம் என்பது உறைத்தது. அவருக்கும் உறைத்திருக்க வேண்டும். அவர்தான் கதையைப் படித்திருக்கிறாரே. திட்டப்போகிறார் என்று நினைத்தேன். டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, "இந்தக் கதைக்கு அவ பேரையே போடச் சொல்லுங்கோ. மாமி பேரு வேண்டாம்" என்றார்.

வாசல்வரை வந்தார். போய்ட்டு வரேன் சார் என்றேன். அவர் பார்வை பழக்கதோஷத்தில் சுவர்க் கடிகாரத்துக்குப் போய்விட்டுத் திரும்பியது. போய்ட்டு வாங்கோ என்றார். அவர் உன்னை மன்னித்தாரா, தன்னைத்தானே தண்டித்துக்கொண்டாரா? எனக்கு இன்னும் சந்தேகம் தீரவில்லை. ஆனால் இதை உன்னிடம் மட்டும்தான் சொல்கிறேன், கவனித்தாயா?

பதிப்பகத்துக்குச் சொல்லியாயிற்று. எல்லாக் கதைக்கும் மூலத் தலைப்பு இருக்கும். கடைசிக் கதைக்குக் கீழே உன் பெயர் மட்டும் இருக்கும்.

இன்னும் ஒன்று. ஆஸ்பத்திரியில் உன்னைக் கடைசியாகப் பார்த்த அன்று, பார்வை நேரம் முடிந்துவிட்டது என்று நர்ஸ் விரட்ட, போய்ட்டு வரேன்பா என்று நான் எழுந்தேன். நீ கையை நீட்டி என் தலைப்பைப் பிடித்தாய். விடாமல் பிடித்துக்கொண்டு இரண்டு விரலால் தேய்த்தாய். "அசல்தான்பா" என்றாய். மருந்து மயக்கத்தில் ஏதோ உளறுகிறாய் என்று சந்தேகப்பட்டுக்கொண்டே படியிறங்கினேன். இன்று அந்தப் புடவையைத்தான் கட்டிக்கொண்டிருக்கிறேன். நீ தேய்த்த முனை மடியில் கிடக்கிறது.