இனி உன்னைத் தூக்க மாட்டேன்

குமராட்சி
14.11.2011

அன்பு மகள் மாலதிக்கு உன் அம்மா செல்லாயி, பாசமும் கோபமும் சரிபாதியாக எழுதுவது. இங்கே நான் சௌக்கியம். நீ சௌக்கியமா என்பதை உன் பயிற்சி சார் ஆரோக்கியராஜைக் கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டியிருக்கிறது. போன் அடித்தால் கட் பண்ணிவிடுகிறாய். கடிதத்தைக் கட் பண்ண முடியாதல்லவா? அறிவொளியில் படித்த எழுத்து, தப்பிருந்தால் பொறுத்துக்கொள்.

இங்கே மழை ஜாஸ்தி. கொள்ளிடத்தில் தண்ணீர் இரு கரையும் தொட்டுப் போகிறது. நாங்கள் நட்ட வயல் எப்படியோ தப்பித்தது. எனக்கு இடுப்பு கொஞ்சம் பிடித்திருக்கிறது. குடம்கூடத் தூக்கக் கூடாது என்று சிதம்பரம் டாக்டர் சொல்கிறார். டாக்டர் என்றால் எதையாவது சொல்லத்தான் செய்வார், நீ அதை மனதில் போட்டுக்கொள்ளாதே.

விஷயத்துக்கு வருகிறேன். நான் செய்தது தப்பு. சட்டம் எப்படி உருவாகிறது, எம்.எல்.ஏ.விடம் கெஞ்சாமல் எப்படிக் கேட்பது என்று நீயும் உன்னைப் போல் நடக்க முடியாத பிள்ளைகளும் எட்டு மாதம் கடலூரில் தங்கிப் படித்தீர்கள். கண் தெரியாத ஆரோக்கியராஜ் சாரே எம்.எல்.ஏ.வாக நடிப்பாராம். யாராவது "அய்யா, பாத்து செய்யுங்க" என்று ஆரம்பித்தால், வெளியே போய்விட்டுத் திரும்ப வா என்பாராம். நீ சொல்லிச் சொல்லிச் சிரித்தாய்.

எம்.எல்.ஏ.வைப் பார்க்கப் போன அன்றைக்கு, மண்டபத்தில் ஒருவரும் படி ஏறுவதில்லை, யார் தூக்கியும் மேலே போவதில்லை என்று முடிவு செய்தீர்கள். சக்கர நாற்காலியோடு கீழேயே இருப்போம், எம்.எல்.ஏ. இறங்கி வரட்டும், எல்லாப் பொதுக் கட்டடத்திலும் சாய்தளம் வேண்டுமென்று சட்டசபையில் பேசச் சொல்வோம் என்றீர்கள். எனக்கும் சொன்னாய். நானும் மண்டையை மண்டையை ஆட்டினேன்.

தூறல் விழுந்ததடி. உன் தலை நனைவதைப் பார்த்தேன். அவ்வளவுதான், புத்தி எங்கே போனதோ! இளம்பிள்ளை வாதம் வந்த நாளிலிருந்து இருபத்தோரு வருஷம் உன்னைத் தூக்கின இடுப்பு, யாரைக் கேட்டது? பதினொரு படியும் ஏறி, எம்.எல்.ஏ. முன்னால் உட்கார வைத்துவிட்டேன். "தாய்ப்பாசம்னா இதான்யா" என்றார் அவர். எல்லாரும் கை தட்டினார்கள், போட்டோ எடுத்தார்கள். சாய்தளத்தைப் பற்றி ஒருத்தர் வாய் திறக்கவில்லை. பாவி, நானும் இளித்துக்கொண்டு நின்றேன்.

"எட்டு மாசம் படிச்சதை ஒரே தூக்கா தூக்கிட்டுப் போயிட்டியேம்மா" என்றாய். எனக்கு வந்ததே கோபம்! ஊர் திரும்பி இரண்டு நாள் சுவரைப் பார்த்து உன்னைத் திட்டித் தீர்த்தேன்.

மூன்றாம் நாள் மினிபஸ்ஸில் ஏறினால், கண்டக்டர் சிங்காரம் பேப்பரில் வந்த நம் போட்டோவைக் கண்ணாடியில் ஒட்டி வைத்திருக்கிறான். "நீ இருக்குற வரைக்கும் அந்தப் பொண்ணுக்கு என்னாக்கா கொறை" என்றான். நல்ல மனசோடுதான் சொன்னான். ஆனால் வீடு வந்து சேரும்வரை அந்தப் பேச்சு என்னை விடவில்லை. நான் இருக்கிற வரைக்கும் சரி, அப்புறம்? அதைத்தானே பிள்ளை நீ கேட்கப் போனாய்! மறுநாள் அவனிடம் சொல்லி அந்தப் படத்தைக் கிழித்துப் போட்டேன்.

வருகிற இருபத்தைந்தாம் தேதி அதே எம்.எல்.ஏ. சிதம்பரம் வருகிறாராம். நீதான் பேசப் போகிறாயாம். அம்மா மட்டும் வர வேண்டாம் என்றாயாம். சார் தயங்கித் தயங்கித்தான் சொன்னார். கேட்டதும் அழுதுவிட்டேன், மறைப்பானேன்.

மாலதி, நான் வருகிறேனே. உன்னைத் தொடக்கூட மாட்டேன். அவர் இறங்கி வரும்வரை உன் நாற்காலிக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்திருப்பேன். கை பரபரக்கும், பல்லைக் கடித்துக்கொள்வேன். நீ நிமிர்ந்து பேசு. யாரிடமும் கெஞ்சாதே கண்ணு. கெஞ்சுவதை உன் அம்மா பார்த்துக்கொள்கிறேன், அதுவும் உன்னிடம் மட்டும். வாம்மா என்று ஒரு வார்த்தை சொல்லு.

உன் வாய்ச்சொல்லுக்குக் காத்திருக்கும்
அம்மா
செல்லாயி