காணாமல் போன ஆம்பூல்

3 நவம்பர் 2003, திங்கள்

காலையிலிருந்து மழை. மூடுபனி ஜன்னல் கம்பி வரைக்கும்.

ஆபரேஷன் தியேட்டரில் மருந்து சரிபார்த்தேன். மயக்க ஊசி மிடசோலம் – 6. வலி ஊசி பெத்தடின் – 4. பெத்தடினை முறிக்கும் மருந்து – இல்லை, கேட்டு எழுத வேண்டும். ஆக்ஸிஜன் – ஒன்று முழுசு, ஒன்று பாதி. ஃப்ளூமாசெனில் – ஒரே ஒரு ஆம்பூல், சின்னக் கண்ணாடிக் குப்பி. நான் இந்த மலைக்கு வந்த நாலு வருஷத்தில் ஒன்றுகூட உடைத்ததில்லை.

புது டாக்டர் ஜெயபால் அதைக் கையில் எடுத்துப் பார்த்தார். ராசிபுரம் பக்கம் விவசாயக் குடும்பம். படித்து முடித்து எட்டு மாசம். "இது எதுக்குங்க மேடம்?"

சொன்னேன். மூளையில் மிடசோலம் உட்காருகிற அதே இடத்தில் இது போய் உட்கார்ந்து அதைத் தள்ளிவிடும். மயங்கிக் கிடக்கிறவர் ஓரிரு நிமிஷத்தில் கண் திறப்பார். ஆனால் இதன் ஆயுசு குறைவு. ஒரு மணி நேரத்தில் மறுபடி அமுங்கிவிடலாம்.

"யாருக்குக் குடுக்கக் கூடாதுங்க?"

வலிப்பு உள்ளவர்களுக்கு என்றேன். இன்னொன்றும் உண்டு. தினமும் தூக்க மாத்திரை எடுக்கிறவர்கள். அவர்கள் மூளை மாத்திரையோடு வாழப் பழகிவிட்டது. சட்டென்று பிடுங்கினால் வலிப்பு வரலாம். அதைச் சொல்லவில்லை.

ரசம், அப்பளம். தூக்க மாத்திரை டயஸிபாம் 10. கணவர் வேறு வீடு பார்த்துக்கொண்டு போனபோது தொடங்கியது. ஆறு வருஷம்.

6 நவம்பர், வியாழன்

இடது கை எழுத்து. கோணல். யார் படிக்கப் போகிறார்கள்.

நேற்றுக் காலை ஏழு மணி. தியேட்டர் பின்படியில் பாசி. வழுக்கி விழுந்தேன். வலது தோள்பட்டை மூட்டு நழுவிவிட்டது. புதன்கிழமைகளில் கீழேயிருந்து வரும் சர்ஜன் வரவில்லை. அடிவாரத்துக் காரவள்ளிக்கு மேலே ரோட்டில் மரம் சாய்ந்து பஸ், லாரி எதுவும் இல்லை.

ஜெயபால்: "ரெண்டு கேஸ் பாத்திருக்கேனுங்க. ஏத்திப்போடுவேன். மயக்கத்துக்கு யாருங்க?"

மலையில் மயக்க டாக்டர் நான் ஒருத்திதான். ஸ்ட்ரெச்சரில் கிடக்கிறேன். அளவு நான் சொல்வது, ஊசி நல்லம்மா போடுவது என்று முடிவு. நல்லம்மா ஸ்டாஃப் நர்ஸ். இந்த மலையிலேயே பெரக்கரை நாட்டுக்காரி. நாலு வருஷமாகத் தியேட்டரில் என்னோடுதான்.

ஜெயபால் கை கழுவப் போனதும் அவளைக் குனியச் சொன்னேன். "நான் மூச்சு விடாம அமுங்கிட்டா அந்த ஃப்ளூமாசெனில் போட விடாதே. தாடையைத் தூக்கிப் பிடி, மூச்சுப் பலூனை அழுத்து. அது போதும்."

"ஏனுங்க?"

"தினமும் மாத்திரை போடறேன். அதைக் குடுத்தா வலிப்பு வரும்."

"டாக்டருகிட்டச் சொல்லிப்போடலாங்களே."

"வேண்டாம்."

வெட்கம். வேறு காரணம் இல்லை.

பெத்தடின் 25. மிடசோலம் 2. ஒன்றும் ஆகவில்லை, கூரைத் தகட்டின் போல்ட்டுகளை எண்ணிக்கொண்டிருந்தேன். இன்னொரு 2. அப்போதும் பேசினேன். பழகின உடம்பு. இன்னொரு 2 என்றேன். பதினோராவது போல்ட். அப்புறம் சுவர்க் கடிகாரத்தில் பத்தே முக்கால், கை கழுத்தில் மாட்டிய தொட்டில்கட்டுக்குள். இடையில் எதுவுமில்லை. ஒரு வாக்கியத்தின் பாதியிலிருந்து வேறொரு வாக்கியத்தின் பாதிக்கு வந்து விழுந்த மாதிரி.

7 நவம்பர், வெள்ளி

மழை. ஒரு கையால் தலை வாரத் தெரியவில்லை. ஜாக்கெட் பட்டனுக்குக் கால் மணி நேரம்.

ஜெயபால் குவார்ட்டர்ஸுக்கே வந்தார். முகம் சிவந்திருந்தது. "மூட்டு ஏறுனதும் வலி நின்னுபோச்சுங்க. வலி நின்னதும் நீங்க மூச்ச நிறுத்திட்டீங்க. ஆக்ஸிஜன் சேச்சுரேஷன் எழுபத்தெட்டுக்கு எறங்கிருச்சு. அந்த ஆம்பூலக் கேட்டேன். ட்ரேயில இல்லீங்கறாங்க. அலமாரியிலயும் இல்ல. அந்தம்மா ஒம்போது நிமிசம் பலூன அழுத்தித்தான் நீங்க திரும்பி வந்தீங்க. திங்கக்கெழம என் கையில இருந்த மருந்துங்க! எங்க போச்சுன்னா தெரியலீங்கறாங்க."

மேஜையில் ஒரு தாள். நல்லம்மாமேல் மெமோ. அலட்சியம், மருந்து இழப்பு. தியேட்டர் பொறுப்பு நான் என்பதால் என் கையெழுத்து வேண்டும்.

"வலது கை முடியாதே" என்றேன்.

"திங்கக்கெழம போடுங்க" என்று வைத்துவிட்டுப் போனார். தொட்டில்கட்டைச் சாக்கு சொன்னேன். நல்ல மனுஷி நான்.

மத்தியானம் நல்லம்மா கட்டைச் சரிசெய்ய வந்தாள். கேட்டேன். சட்டைப் பையைத் தொட்டுக் காட்டினாள். "இங்கதானுங்க இருக்குது. பஞ்சுல சுத்தி. டாக்டரு கண்ணுல பட்டா ஒடச்சிருவாருன்னு அப்பவே எடுத்து வெச்சுக்கிட்டேன்."

"மெமோ எழுதியிருக்கார்."

"தெரியுங்க."

"வேலைக்கே ஆபத்து."

"நீங்க வேண்டாம்னீங்கல்ல? நா எப்படிங்க சொல்றது?" முடிச்சை இறுக்கினாள். "மரவள்ளி போட்டிருக்கறோம். பசியா கெடந்துருவோம்?"

அவள் போன பிறகு அந்தத் தாளை மறுபடி படித்தேன். மூன்று பிழை. 'அலட்சியம்' மட்டும் சரியாக எழுதியிருக்கிறார்.

8 நவம்பர், சனி

வெளிநோயாளிகள் போகும் வரை வராந்தா பெஞ்சில் காத்திருந்தேன். பைல் நாட்டுக் கிழவர் ஒருவர், "ஏனுங்க, நீங்களும் டோக்கனுக்குங்களா?"

ஆமாம் என்றேன்.

ஜெயபால் அறைக்குள் போய் மெமோவையும், நல்லம்மாவிடம் வாங்கி வந்த ஆம்பூலையும் மேஜைமேல் வைத்தேன். எல்லாம் சொன்னேன். ஆறு வருஷம், பத்து மில்லிகிராம், நல்லம்மா காதில் சொன்னது, திங்கட்கிழமை அவரிடம் சொல்லாமல் விட்டது.

திட்டுவார் என்று நினைத்தேன். ஆம்பூலை உருட்டிக்கொண்டே இருந்தார். "அந்தம்மா ஒளிச்சு வெக்காட்டி நாந்தானுங்க போட்டிருப்பேன். வலிப்பு வந்திருக்கும். ஏன் வந்துச்சுன்னுகூடத் தெரியாம நின்னிருப்பேன். அப்புறம் நா எப்படிங்க ஊசியத் தொடறது?"

தாளை அவர் பக்கம் நகர்த்தினேன்.

மெமோவைக் குறுக்கே அடித்தார். பின்பக்கம் திருப்பி, "ஒரேடியா நிறுத்துனாலும் வலிப்பு வருமுங்களா?"

"வரும். கொஞ்சம் கொஞ்சமாத்தான் குறைக்கணும்."

"அளவச் சொல்லுங்க, எழுதிக்கறேன்."

9 மி.கி. இரண்டு வாரம். 8 இரண்டு வாரம். இப்படியே பொங்கல் தாண்டி, மாசி முடியும் வரை போகும். மாத்திரை நல்லம்மாவிடம் இருக்க வேண்டும், அன்றன்றைக்கு உள்ளதை அவள் சாயங்காலம் கொண்டுவந்து தருவாள். அவர் போட்ட நிபந்தனை. வீட்டுக்கு வந்து எல்லா மாத்திரை அட்டைகளையும் எடுத்து அவளிடம் கொடுத்தேன். தலையணை உறைக்குள் இருந்ததையும்.

ஜெயபால் நல்லம்மாவிடம் போய் மன்னிப்புக் கேட்டிருக்கிறார். அவள் சொல்லவில்லை. கம்பவுண்டர் சொன்னார்.

9 நவம்பர், ஞாயிறு

போன் லைன் செத்துக் கிடக்கிறது. இருந்தாலும் யார் கூப்பிடப் போகிறார்கள்.

சத்தமெல்லாம் பெரிசாகக் கேட்கிறது. குழாய் சொட்டு. ஓடு. மூன்று மணிக்கே விழித்தாயிற்று. ஒரு மில்லிகிராம்தான் குறைத்தது, அதற்குள் எதுவும் வராது, எல்லாம் பயம் என்று எனக்குள் இருக்கும் டாக்டருக்குத் தெரிகிறது. எனக்குத் தெரியவில்லை.

10 நவம்பர், திங்கள்

ரோடு திறந்தாயிற்று. முதல் பஸ் ஹாரன் கேட்டது. இரண்டு கடிதம், இரண்டும் ஆபீஸ்.

ஆறு மணிக்கு நல்லம்மா. மடித்த காகிதத்தில் மாத்திரை: ஐந்து, இரண்டு, இரண்டு. நான் விழுங்கும் வரை நின்றாள்.

நாலு நாளாகக் கேட்க நினைத்ததைக் கேட்டேன். "அன்னைக்கு மூச்சு வந்த பிறகு நான் ஏதாவது பேசினேனா?"

"ஒண்ணுமில்லீங்க."

"சொல்லு."

"என்ர கையப் புடிச்சுக்கிட்டு 'இருக்கியா'ன்னு கேட்டீங்க. இருக்கேனுங்கன்னேன். ஒடனே மறந்துபோட்டு மறுக்காக் கேட்டீங்க. இப்படியே ஒரு மணி நேரம். இருவது தடவ இருக்குமுங்க. என்னையத்தான் கேட்டீங்களான்னு தெரியல. நா ஒவ்வொருக்காவும் இருக்கேனுங்கன்னேன்."

வலி நினைவில் நிற்காது என்று நோயாளிகளிடம் மிடசோலத்தைப் பெருமையாகச் சொல்வேன். வலியை மட்டும் பிரித்துப் பார்த்து அழிப்பதில்லை அது. அந்த ஆம்பூலை உடைத்திருந்தாலும் ஆள்தான் விழிக்கும், போன மணி நேரம் திரும்பாது. இருபது தடவை ஒருத்தி இருக்கேன் என்று சொல்லியிருக்கிறாள். ஒன்றுகூட என்னிடம் இல்லை.

வெளியே தூறல். "வாரேனுங்க" என்று குடையை விரித்தாள்.

"கொஞ்ச நேரம் இருந்துட்டுப் போயேன், நல்லம்மா."

சத்தமாகவே சொல்லிவிட்டேன். திரும்பிப் பார்த்தாள். குடையை மடக்கினாள்.